டிப்ஸ் எவ்வளவு வைக்கிற? மட்டக்களப்பு, அம்பாறையில இருந்து வெளிநாட்டுக்குப் புதுசாப் போன ஆக்களுக்கு

டிப்ஸ் எண்டா பரிமாறுறவருக்குப் பில்லுக்கு மேல நாங்க வைக்கிற காசு. முதல்ல கணக்கச் சொல்லிடுறன், காரணம் மறுகா.

கனடாவுல மேசையில இருந்து சாப்பிட்டா, வரி போடுறதுக்கு முந்தின தொகையில 15 வீதம். நல்லாக் கவனிச்சாங்க எண்டா 18. அமெரிக்காவுல 18க்கும் 20க்கும் இடையில. லண்டன்ல கனகடையில பில்லுலயே 12.5 வீதம் சேர்விஸ் சார்ஜ் போட்டிருப்பாங்க, அதுக்கு மேல ஒண்டும் வேணாம். போடாட்டி 10 வீதம் காணும். அவுஸ்திரேலியாவுல கட்டாயமில்ல. பிரான்ஸ்ல சேர்விஸுக்கான காசு மெனு விலைக்குள்ளயே இருக்கு, சில்லறைய விட்டுட்டு வந்தாப் போதும். யப்பான்ல வைக்கவே வேணாம். வச்சா, மறந்துட்டுப் போறீங்க எண்டு பின்னால ஓடிவந்து தருவாங்க.

அவசரக்காரர் இதோட போகலாம். ஏன் எண்டு தெரிஞ்சாத்தான் எங்க குடுக்கிற, எங்க குடுக்காம விடுற எண்டு உங்களுக்கே விளங்கும். நான் டொரன்டோவுல ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில கனகாலம் நிண்டு போட்டு இப்ப கல்லடியில இருக்கிறன். வெளிநாடு போன புள்ளயள் போன்ல கேக்கிறதுல பாதி இந்தக் கேள்விதான், அதால இதை எழுதி வைக்கிறன்.

கல்முனையிலயோ காத்தான்குடியிலயோ ஒரு கடையில கொத்து சாப்பிட்டா, சொல்ற விலைதான் விலை. கொத்துப் போடுறவர், தேத்தண்ணி கொண்டுவாற பொடியன், மேசை துடைக்கிறவர், எல்லாருட கூலியும் அதுக்குள்ள அடக்கம். பாசிக்குடாப் பக்கம் பெரிய ஹோட்டல்கள்லதான் பில்லுக்குக் கீழ 10 வீதம் சேர்விஸ் சார்ஜும் வற் வரியும் தனியா ஏறும். வட அமெரிக்காவுல அப்பிடியில்ல. மெனுவுல போட்டிருக்கிறது விலையிட ஒரு பங்குதான். வரி அதுக்கு வெளியில, பரிமாறுறவர்ட வருமானத்துல பெரிய பங்கும் அதுக்கு வெளியில. கனடாவுல, டொரன்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல 20 டொலர் சாப்பாட்டுக்கு 13 வீத வரியும் 15 வீத டிப்ஸும் சேர்த்தா 25.60. அந்தக் காசு இல்லாட்டி கடைக்குள்ள ஏறாதீங்க, பாசல் எடுத்துட்டு வீட்ட போய்ச் சாப்பிடுங்க. அதுல ஒரு வெக்கமும் இல்ல.

"சம்பளம் குடுக்கிறது முதலாளியிட வேலை, நான் ஏன் குடுக்க?" எண்டு நம்மட ஆக்கள் கேக்கிறது வழமை. கேள்வி நியாயமான கேள்விதான். ஆனா அமெரிக்காவுல சட்டமே அந்த வேலைய உங்கட தலையில கட்டி வச்சிருக்கு. அங்க மத்திய அரசுட சட்டப்படி ஆகக் குறைஞ்ச சம்பளம் மணிக்கு 7.25 டொலர், 2009ல இருந்து அசையல்ல. டிப்ஸ் வாங்குற வேலையாளுக்கு மட்டும் முதலாளி 2.13 டொலர் குடுத்தாக் காணும். அந்தத் தொகை 1991ல வச்சது, இன்னும் அதேதான். மிச்சம் 5.12ஐ நீங்க வைக்கிற காசு நிரப்பணும். நிரம்பாட்டி முதலாளி போட்டு நிரப்பணும் எண்டும் சட்டத்துல இருக்கு. டெக்சாஸ் மாதிரி மாநிலத்துல இந்த 2.13தான் நடக்குது. கலிபோர்னியா, வாஷிங்டன், ஒரேகன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா, இந்த ஏழுலயும் இந்தக் குறைப்பு இல்ல, எல்லாருக்கும் முழுச் சம்பளம். எண்டாலும் அங்கயும் ஆக்கள் 20 வீதம் வைக்கிறாங்கதான். பழக்கம் சட்டத்துக்குப் பின்னால போகாது.

இந்தப் பழக்கத்திட வேரும் அவ்வளவு நல்ல வேர் இல்ல. ஐரோப்பாவுல பணக்காரர் வேலைக்காரருக்குக் குடுத்த காசு, அமெரிக்காவுக்குப் போய், 1865ல உள்நாட்டுப் போர் முடிஞ்ச பிறகு நல்லாப் பரவிச்சு. அடிமைத்தனத்துல இருந்து விடுதலையான கறுப்பின மக்கள ரெயில்லயும் சாப்பாட்டுக் கடையிலயும் வேலைக்கு எடுத்தவங்க, சம்பளத்த ஆகக் கீழ வச்சிட்டு, வாடிக்கையாளர் தாறத வச்சுச் சீவிக்கச் சொன்னாங்க. அந்தக் காலத்துலயே இதுக்கு எதிர்ப்பு வந்திச்சு. 1909ல வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்திச்சு, இன்னும் சில மாநிலங்கள் பின்னால போச்சு. 1926க்குள்ள எல்லாத் தடையும் எடுபட்டுப் போச்சு. 1966ல, டிப்ஸைச் சம்பளக் கணக்குல கழிக்கலாம் எண்டு சட்டமும் வந்திட்டு. அப்ப இந்த முறை அநியாயமான முறை எண்டு நீங்க சொன்னா நான் ஓம் எண்டுதான் சொல்லுவன். ஆனா அநியாயத்த எதிர்க்கிறன் எண்டு உங்களுக்குத் தண்ணி ஊத்தித் தந்த புள்ளையிட காச வெட்டினா, முதலாளிக்கு ஒரு சதமும் குறையாது.

கனடா வேற கதை. ஒன்டாரியோவுல மதுபானம் பரிமாறுற கடையில வேலை செய்யிறவங்களுக்குத் தனியா ஒரு குறைஞ்ச சம்பளம் இருந்தது. 2022 ஜனவரி 1ஓட அதை எடுத்துட்டாங்க. இப்ப அவங்களுக்கும் மற்ற வேலையாக்களுக்குள்ள அதே பொது ஆகக் குறைஞ்ச சம்பளம்தான், 2025 ஒக்டோபர்க் கணக்குல 17.60 டொலர். கியூபெக் மாகாணத்துல மட்டும் டிப்ஸ் வாங்குறவங்களுக்கு இன்னும் குறைவு: 2025 மே மாசத்துக் கணக்குல மற்றவங்களுக்கு 16.10, அவங்களுக்கு 12.90. அப்ப ஒன்டாரியோவுல 20, 25 வீதம் வைக்கணும் எண்டு ஆராவது சொன்னா, அது அமெரிக்கக் காரணத்தக் கடன் வாங்கிச் சொல்ற கதை. 15 வீதம் மரியாதையான தொகை. பரிமாறுறவர் மரியாதை இல்லாம நடந்தாலொழிய அதுக்குக் கீழ போறதுக்கு நான் சம்மதிக்க மாட்டன், ஏன் எண்டா குசினிக்குள்ள நிண்டு பார்த்த ஒரு விசயம் இருக்கு.

அதுக்குப் பேர் டிப் அவுட். நீங்க வைக்கிற காசு முழுக்க அந்தச் சேர்வர்ட பொக்கெட்டுக்குப் போறதில்ல. அண்டைக்கு அவர் வித்த மொத்தத் தொகையில இத்தின வீதம் எண்டு குசினிக்கும், பார்ல நிக்கிறவருக்கும், கோப்பை எடுக்கிறவருக்கும் பிரிச்சுக் குடுக்கணும். எத்தின வீதம் எண்டது கடைக்குக் கடை மாறும். இதுல முக்கியம், கனகடையில அந்த வீதத்த டிப்ஸ்ல பார்க்கிறதில்ல, வியாபாரத்துல பார்க்கிறது. 5 வீதம் பிரிக்கிற கடையில நீங்க 100 டொலருக்குச் சாப்பிட்டுப் போட்டு ஒண்டும் வைக்காம எழும்பினா, உங்கட மேசைக்காக அவர் 5 டொலர் குடுத்தே ஆகணும். மற்ற மேசைக்காரர் வச்சதுல இருந்து எடுத்துத்தான் குடுப்பார். சுருக்கமாச் சொன்னா, உங்களுக்குப் பரிமாறினதுக்கு அவருக்கு நட்டம்.

அதால சேவை பிடிக்காட்டியும் ஒண்டும் வைக்காம வராதீங்க. சாப்பாடு பிந்தினா அது பெரும்பாலும் எங்கட பக்கத்துப் பிழை, குசினிப் பிழை. கறி உப்பெண்டாலும் அப்பிடித்தான். சேர்வர் மரியாதை இல்லாமக் கதைச்சா மனேஜரக் கூப்பிட்டுச் சொல்லுங்க, 10 வீதம் வச்சிட்டு வாங்க. ஒண்டும் வைக்காமப் போற ஆள, சேவை பிடிக்காமப் போறார் எண்டு அங்க ஆரும் நினைக்கிறதில்ல, பழக்கம் தெரியாதவர் எண்டுதான் நினைப்பாங்க. சொல்ல வந்த முறைப்பாடு அதோட செத்துப் போகும்.

இனி அந்த மெசின். காசு கட்டுற பாங்க் கார்ட் மெசினக் கையில தந்துட்டு, அந்தப் புள்ள பக்கத்துலயே நிக்கும். திரையில 18, 20, 25 எண்டு மூண்டு பொட்டி தெரியும். புதுசாப் போனவங்க வெக்கத்துல நடுப்பொட்டிய அமத்துவாங்க. அமத்த முந்தி ரெண்டு விசயம் பாருங்க. ஒண்டு, அந்த வீதம் பெரும்பாலும் வரி சேர்த்த தொகையில ஏறும். 80 டொலர் சாப்பாடு வரியோட 90.40. மெசின்ல 18 அமத்தினா 16.27 போகும், அது உண்மையில சாப்பாட்டு விலையில 20 வீதத்துக்கும் மேல. வரிக்கு முந்தின 15 வீதம் எண்டா 12 டொலர்தான். கியூபெக்ல இதுக்கு 2025 மே மாசம் சட்டமே வந்திட்டு, மெசின் காட்டுற தொகைய வரிக்கு முந்தின விலையிலதான் கணக்குப் பார்க்கணும் எண்டு. மற்ற இடத்துல நீங்கதான் பார்க்கணும். ரெண்டாவது, மூண்டு பொட்டிக்குக் கீழ சின்ன எழுத்துல நீங்களே தொகை போடுற இடம் ஒண்டு இருக்கும். அங்க போனா வீதம் கேக்குதா டொலர் கேக்குதா எண்டு பாருங்க. 15 வீதம் எண்டு நினைச்சு 15 டொலர் போட்டவங்க இருக்காங்க.

இன்னொரு சங்கதி. மெசின் கேக்குது எண்டதுக்காக எல்லா இடத்துலயும் குடுக்கத் தேவையில்ல. ஸ்காபரோவுல நம்மட கடைகள்ல இடியப்பமும் சம்பலும் பாசல் கட்டித் தாறாங்க, அங்கயும் அந்தப் பொட்டி வரும். பூச்சியம் அமத்துங்க. கோப்பிக் கடையிலயும் அப்பிடியே. நிண்டுகொண்டு வாங்கி, நீங்களே தூக்கிக்கொண்டு போறதுக்கு டிப்ஸ் இல்ல. விருப்பத்துக்கு ஒரு டொலர் போட்டா அது உங்கட நல்ல மனசு. வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவாற ஆளுக்குக் குடுங்க, 10 வீதம், பனிக்காலத்துல கொஞ்சம் கூட. தலமயிர் வெட்டுற இடத்துல 15. டக்சிக்கு 10 காணும்.

பிறந்தநாள், பார்ட்டி எண்டு பெரிய கூட்டமாப் போனா பில்ல வாசிக்காமக் காசு கட்டாதீங்க. ஆறு பேரோ எட்டுப் பேரோ தாண்டினா கனகடையில 18 வீதத்தத் தாங்களே போட்டுடுவாங்க. அதுக்குப் பிறகும் மெசின் டிப்ஸ் கேக்கும், கேக்காம விடாது! ரெண்டு தரம் குடுக்க வேணாம். நம்மட ஆக்கள்ட மற்றப் பிரச்சினை, நான் குடுக்கிறன், நான் குடுக்கிறன் எண்டு பில்லுக்கு இழுபடுற. அந்த இழுபறியில டிப்ஸை எல்லாரும் மறந்துடுவாங்க. பில்ல அத்தான் கட்டினா டிப்ஸை மச்சினன் வைக்கட்டும், அதுக்கு ஆரும் கோவிக்க மாட்டாங்க. கழிவுச் சீட்டு வச்சுச் சாப்பிட்டா, கழிக்க முந்தின விலைக்கு டிப்ஸ் பாருங்க, அவர் நடந்த நடை குறையல்லத்தானே.

பாசிக்குடாவுல ஹோட்டல் வேலை செய்து போட்டு லண்டன் போன தம்பி ஒராள் கேட்டார்: "அண்ணே, அங்க சேர்விஸ் சார்ஜை மாசக் கடைசியில எங்களுக்குப் பிரிச்சுத் தருவாங்க. இங்க அது ஆருக்குப் போகுது?" நல்ல கேள்வி. இங்கிலாந்துல 2024 ஒக்டோபர் 1ல இருந்து சட்டம்: டிப்ஸும் சேர்விஸ் சார்ஜும் முழுக்க வேலையாக்களுக்குப் போகணும், அடுத்த மாசம் முடிய முந்திக் குடுக்கணும், கடைக்காரர் அதுல கை வைக்க ஏலாது. ஆகக் குறைஞ்ச சம்பளத்துக்குள்ள டிப்ஸைச் சேர்க்கிறதையும் 2009லயே நிப்பாட்டிட்டாங்க. அங்க சேர்விஸ் சார்ஜ் விருப்பப்படி எண்டு பில்லுல எழுதியிருந்தா, சேவை மோசமெண்டா எடுக்கச் சொல்லலாம். சொன்னா எடுப்பாங்க. அமெரிக்காவுல மாறி: பில்லுல சேர்விஸ் சார்ஜ் எண்டு இருந்தா மத்திய சட்டப்படி அது கடையிட காசு, டிப்ஸ் இல்ல. பரிமாறின புள்ளக்கிப் போகுதா எண்டு கேட்டுட்டு முடிவெடுங்க.

படிக்கப் போய் ரெஸ்டோரண்ட்ல வேலை செய்யிற புள்ளயளுக்கும் ஒண்டு. ஒன்டாரியோவுல 2016 ஜூன்ல இருந்து முதலாளி உங்கட டிப்ஸை எடுக்க ஏலாது. கோப்பை உடைஞ்சா அதுக்கு டிப்ஸ்ல வெட்டவும் ஏலாது. வேலையாக்களுக்குள்ள பிரிக்கலாம். முதலாளியும் உங்களோட சேர்ந்து அதே வேலையப் பெரும்பங்கு செய்தாத்தான் அவருக்கும் பங்கு. நம்மட ஆள்ட கடை எண்டு சொல்லி இதை விட்டுக் குடுக்காதீங்க. ஒவ்வொரு நாளும் கிடைச்சத ஒரு கொப்பியில எழுதி வையுங்க. காசாக் கிடைச்சாலும் கனடாவுல அது வருமானம், வரிக் கணக்குல காட்டணும்.

லீவுல மட்டக்களப்புக்கு வரக்குள்ள அந்த 20 வீதத்தத் தூக்கிக்கொண்டு வராதீங்க. சேர்விஸ் சார்ஜ் போட்ட இடத்துல போதும். சாப்பாட்டுக் கடையில மிச்சச் சில்லறைய அந்தப் பொடியன்ட கையில குடுத்தாக் காணும். அறுகம்பேயில வெள்ளைக்காரர் வாற இடங்கள்ல பழக்கம் கொஞ்சம் வேற, அங்க 10 வீதம் வச்சா நல்லம்.

கடைசியா, ஜேர்மனி போன தங்கச்சி கேட்டதுக்கு. அங்க 5ல இருந்து 10 வீதம், ஆனா மேசையில வச்சிட்டு வாறதில்ல. காசு குடுக்கக்குள்ளயே மொத்தத்தச் சொல்லணும். 27.50 பில்லுக்கு 50 தாளை நீட்டி, முப்பது எண்டு சொன்னா 20 திருப்பித் தருவாங்க. தாளை நீட்டி நன்றி மட்டும் சொன்னீங்க எண்டா, மிச்சம் தங்களுக்கு எண்டு நினைச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க.