புதுப்பிப்பு: குழுவிலிருந்து என்னைத் தூக்கிய கதை

போன வாரம் எழுதியிருந்தேனே, மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் டேங்கர் கணக்கு கேட்டதற்கு அட்மின் மாமா என்னை நீக்கிவிட்டார் என்று. நேற்று திரும்பச் சேர்த்தார்.

“யாராவது ஏடாகூடமா எழுதினா கேஸ் என் தலையில விழும், தம்பி” என்றார். கூட்டுச் சதி இல்லாதவரை, உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் பொறுப்பில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லேயே சொல்லிவிட்டது. செய்தியைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி, இறக்கி, இரண்டு முறை படித்தார்.

சரி, இனி யாரை நீக்கினாலும் காரணத்தைக் குழுவிலேயே எழுதுவதாக ஒப்புக்கொண்டார், மாடிப்படியில் நின்றபடியே. அழித்த என் பதிவு அழிந்ததுதான்.

டேங்கர் கணக்கா? பென்சிலில் எழுதிய ஒரே நோட்டுப் பக்கம். ஏப்ரலோடு நிற்கிறது.