ஒரே கொச்சைச் சொல், பல அர்த்தம்: எப்படி உருவாக்குவது?

நாடகப்பித்து:
நான்கு நண்பர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் பாஷை ஒன்று மேடை நாடகத்துக்கு வேண்டும். பத்துச் சொல் இட்டுக்கட்டியாச்சு, ஆனால் வசனத்தில் ஒன்றுகூட ஒட்டவில்லை. இருப்பதில் தேறுவது 'டொமுக்கு': வெளியே பெருசு, உள்ளே காலி. இதைப் பல அர்த்தத்தில் புழங்கவிட என்ன செய்யணும்?

சொல்தச்சன்:
தொடக்கம் நன்றாக அமைந்திருக்கிறது. இலக்கணப்படி 'ட' தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அதனாலேயே டுபாக்கூர், டகால்டி, டக்கர் எல்லாம் காதில் விழுந்ததும் தெருச்சொல் என்று தெரிந்துவிடுகிறது.

அர்த்தம் பெருகுவது பெரும்பாலும் கூடவரும் வினையால்தான். மொக்கையைப் பாருங்கள். மழுங்கின கத்தி மொக்கைக் கத்தி. அந்தக் கூரில்லாத தன்மைதான் அடி. 'படம் மொக்கை' என்றால் சுவாரசியம் இல்லை. 'மொக்கை போடுறான்' என்றால் பேசியே அறுக்கிறான். 'மொக்கை வாங்கினான்' என்றால் அவமானப்பட்டான். போடு வந்தால் செய்கிறவன், வாங்கு வந்தால் படுகிறவன். விடு சேர்ந்தால் பொய் வாடை வந்துவிடும்: பீலா விடுறான், ரீல் விடுறான், கதை விடுறான்.

உங்கள் சொல்லையும் இதே தடத்தில் ஓட்டலாம். டொமுக்கு போட்டால் வெற்றுப் பந்தா. வாங்கினால் பெரிசாக எதிர்பார்த்து ஏமாந்தது. விட்டால் ஊதிச் சொன்ன பொய். 'டொமுக்கா இருக்கு' என்றால் சாரமில்லை. எல்லாவற்றிலும் அந்த உள்ளீடற்ற தன்மை இருக்கணும். அது அறுந்தால் கேட்பவருக்குப் பிடி கிடைக்காது.

வசனக்காரி:
பத்து அதிகம், மூன்றோடு நிறுத்துங்கள். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது பாடப்புத்தக உதாரணம். அங்கே மறைப்பதுதான் நோக்கம், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் போதும். மேடையில் கதாபாத்திரங்கள் மறைக்கலாம், ஆனால் பார்வையாளருக்குப் புரிந்தாகணும்.

முதல் தடவை சொல்லும்போது பொருள் கண்ணெதிரே இருக்கட்டும்: பெரிய பெட்டியைத் தட்டுகிறான், காலி. இரண்டாம் தடவையும் அதே பொருளில், வேறு ஆள் வாயில். மூன்றாம் தடவைதான் வினையை மாற்றுங்கள். 'அப்படின்னா என்ன?' என்று ஒரு பாத்திரம் கேட்டு இன்னொன்று விளக்கினால் சொல் அங்கேயே செத்துப்போகும்.

ஒலிப்பிரியன்:
எனக்கு இடிப்பது கடைசி அசை. 'டொமுக்கு' காதில் 'டொமு என்பவனுக்கு' என்று விழும். நான்காம் வேற்றுமை சேர்த்தால் 'டொமுக்குக்கு', நடிகர் நாக்கு தடுக்கும். 'டொமுட்டு' ஆக்குங்கள். டொமுட்டை, டொமுட்டுக்கு, டொமுட்டா, எல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். 'டொமுட்டுறான்' என்று நேரடி வினையும் கிடைக்கும்.

இறுதி செய்யும் முன் வேறு வட்டாரத்தார் காதிலும் போட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் 'பெட்டை' சாதாரணமாகப் பெண்பிள்ளையைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அது விலங்குக்குச் சொல்வது, பெண்ணைச் சொன்னால் சண்டைதான்.

நாடகப்பித்து:
டொமுட்டுதான். மற்ற ஒன்பதில் ஏழை வெட்டிவிடுகிறேன். காலிப் பெட்டி முதல் காட்சியிலேயே வருகிறது.