இயர் பிளக் போட்டாலும் இரைச்சல் குறையவில்லை, காது வேறு வலிக்கிறது. அவசரம்!

சாலைப்புழு | மாலை 6:40
எல்லோருக்கும் வணக்கம். நேற்று முதல்முறையாக இயர் பிளக் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினேன். அரை மணி நேரத்தில் காது வலிக்கத் தொடங்கிவிட்டது. சரி, வலித்தாலும் இரைச்சலாவது அடங்கியதா என்றால் அதுவும் இல்லை. இன்று காலையும் இதே கதைதான். நாளை விடியற்காலை நீண்ட பயணம் கிளம்புகிறேன், ஐந்தாறு மணி நேரம் ஓட்ட வேண்டும். போன முறை போய் வந்தபோது இரண்டு நாள் காதுக்குள் ஙொய்ங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பயந்துதான் இதை வாங்கினேன். என்ன தவறு செய்கிறேன்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைச்சட்டை | 6:52
என்ன பிளக்? உருட்டினால் சுருங்கி மெல்ல விரியும் நுரை வகையா, அடுக்கடுக்காக விளிம்பு வைத்த சிலிக்கானா? முழு முக ஹெல்மெட்டா, முகம் திறந்ததா? என்ன வேகம்? என்ன வண்டி? எதையும் சொல்லாமல் "வலிக்கிறது" என்றால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

நட்டும்போல்ட்டும் | 6:55
எந்தக் காது என்பதையும் சொல்லுங்கள். இரண்டுமா?

குளிர்காற்று | 7:03
வேறொன்றும் இல்லை, முன்னால் இருக்கும் காற்றுத்தடுப்புக் கண்ணாடிதான். அதன் மேல் விளிம்பில் உடைந்து சுழலும் காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து மோதும். படபடவென்று அடிக்கும் அந்தத் தாழ்சுருதி ஓசையை எந்தப் பிளக்காலும் முழுதாக அடக்க முடியாது. கீச்சொலிகளைத் தடுக்கும் அளவுக்கு இவை உறுமலைத் தடுப்பதில்லை. நேரான, ஆளில்லாத சாலையில் கொஞ்சம் நிமிர்ந்தும் கொஞ்சம் குனிந்தும் ஓட்டிப் பாருங்கள். தலையின் உயரம் மாறும்போது இரைச்சலின் குணமும் மாறினால் கண்ணாடிதான் குற்றவாளி. நான் என் கண்ணாடியை நான்கு விரற்கடை அறுத்து எறிந்தேன், அன்றிலிருந்து நிம்மதி.

மழைச்சட்டை | 7:06
அவர் வண்டியில் கண்ணாடி இருக்கிறது என்று எங்கே சொன்னார்?

குளிர்காற்று | 7:07
இல்லை என்றும் சொல்லவில்லையே.

ஆறாம்கியர் | 7:15
குறும்பி. சந்தேகமே வேண்டாம். காதுக்குள் குறும்பி சேர்ந்திருந்தால் பிளக் அதை உள்ளே தள்ளிச் செவிப்பறை மேல் அப்பிவிடும். வலி அதனால்தான். எனக்கு இப்படித்தான் ஆனது. மருத்துவர் எடுத்துக் காட்டியபோது மிளகு அளவு இருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இன்னும் உள்ளே தள்ளும்.

மூத்தசக்கரம் | 7:21
தம்பி, மேலே தேடல் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அலங்காரத்துக்கு அல்ல. இதே கேள்விக்கு நானே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை.

இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் என்ஜினின் மூச்சைக் கேட்டுத்தான் கியர் மாற்றினோம். பின்னால் லாரி வருவதைக் காதால் அறிந்து ஒதுங்கினோம். 28 வருடமாக வெறும் காதோடு ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகிவிடவில்லை. காதை அடைத்துக்கொண்டு சாலையில் இறங்குவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குவதும் எனக்கு ஒன்றுதான். வேகத்தைக் குறையுங்கள், இரைச்சல் தானாகக் குறையும்.

கணக்குப்பிள்ளை | 7:30
கடைசி வரியை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. மற்றதை அல்ல. பெரும்பாலான வண்டிகளில் 60, 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் காதுக்குக் கேட்பது என்ஜின் அல்ல, காற்று. ஹெல்மெட்டுக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தில் 95, 100 டெசிபல் சாதாரணம். அந்தக் காற்றிரைச்சலுக்கு மேல் என்ஜினின் எந்த மூச்சைக் கேட்டீர்கள்?

ஹாரன் கேட்காது என்பதும் பாதி உண்மைதான். பிளக் காற்றையும் ஹாரனையும் சேர்த்தேதான் குறைக்கிறது, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பெரிதாக மாறுவதில்லை. கண் கூசும் வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகத் தெரிவதைப் போல, பேரிரைச்சலில் திணறும் காதுக்குப் பிளக் போட்ட பிறகு ஹாரன் தெளிவாகவே கேட்கும். ஏற்கெனவே செவித்திறன் குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலைப்புழு | 7:41
நுரை வகை. முழு முக ஹெல்மெட். கண்ணாடி கிண்ணாடி எதுவும் இல்லை. வேகம் 90 முதல் 100. இடது காதில்தான் வலி, இரைச்சலும் அந்தப் பக்கம்தான். வலது பக்கம் பரவாயில்லை. போன மாதம்தான் மருத்துவர் காதைப் பார்த்தார், குறும்பி இல்லை.

நட்டும்போல்ட்டும் | 7:43
இடது பக்கம் மட்டும் என்பதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஆறாம்கியர் | 7:44
ஒரு மாதத்தில் குறும்பி மறுபடியும் சேரலாம்.

ஆலைக்காரன் | 7:58
நான் இரைச்சலான ஆலையில் வேலை செய்பவன். வேலை நேரம் முழுவதும் பிளக் என் காதில்தான் இருக்கும், அதனால் சொல்கிறேன். பத்தில் எட்டுப் பேர் பிளக்கைக் காதுக்குள் போடுவதில்லை, காது வாசலில் ஒட்டவைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கை கழுவிக்கொள்ளுங்கள். நுரையை விரல்களுக்கு நடுவில் வைத்து, மடிப்பு விழாமல், திரி போல மெல்லியதாக உருட்டுங்கள். இடது காதுக்குப் போடும்போது வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் காதுக் குழாய் அப்போதுதான் நேராகும். உள்ளே நுழைத்து, அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டால் விரியும்போது தானே வெளியே நழுவி வந்துவிடும். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் திருகி, மெதுவாக எடுங்கள். இல்லாவிட்டால் உறிஞ்சும் விசையில் செவிப்பறை நோகும்.

வலது கைக்காரருக்கு வலப்பக்கம் தானாகவே நன்றாக அமையும், இடப்பக்கம் அரைகுறையாக நிற்கும். உங்கள் கோளாறு இதுவாகவே இருக்கலாம். இரண்டு காதுக் குழாயும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறுகலான காதுக்குச் சிறிய அளவு பிளக் தேவைப்படும்.

மூத்தசக்கரம் | 8:05
ஆலையும் சாலையும் ஒன்றல்ல. மேலும் 100 டெசிபலில் இரண்டு மணி நேரம் இருக்கலாம் என்று அமெரிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. பயமுறுத்தாதீர்கள்.

கணக்குப்பிள்ளை | 8:14
அனுமதிக்கிறது, உண்மைதான். அது ஓஷா என்ற அமைப்பின் தொழிற்சாலை விதி. 90 டெசிபலுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100க்கு 2 மணி நேரம் வரும். ஆனால் அதே நாட்டின் நியோஷ் என்ற ஆய்வு நிறுவனம் 1998இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரை 85 டெசிபலில் தொடங்குகிறது, 3 டெசிபலுக்கு ஒருமுறை நேரத்தைப் பாதியாக்குகிறது. 85க்கு 8 மணி, 88க்கு 4, 91க்கு 2, 94க்கு 1, 97க்கு அரை மணி, 100க்கு 15 நிமிடம். ஒலியின் ஆற்றல் 3 டெசிபலில் இரட்டிப்பாகிறது என்பதால் எனக்கு இரண்டாவது கணக்கில்தான் நம்பிக்கை. இவர் நாளை ஓட்டப் போவது ஐந்தாறு மணி நேரம். எந்தக் கணக்கில் போட்டாலும் தேறவில்லை.

மூத்தசக்கரம் | 8:17
கணக்கு போட்டு வண்டி ஓட்ட முடியாது.

தெருவிளக்கு | 8:26
மூத்தசக்கரம் அண்ணா, கடைசியாக எப்போது செவித்திறன் பரிசோதனை செய்துகொண்டீர்கள்? சண்டைக்குக் கேட்கவில்லை. நானும் "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று எரிந்து விழுவேன். போய்ச் சோதித்தபோது சோதனை வரைபடத்தில் இரண்டு காதுக்கும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்து கிடந்தது. இரைச்சலால் கெட்ட காதின் அடையாளம் அதுதான் என்றார் மருத்துவர். உள்காதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லையாம். இப்போது இரவில் மின்விசிறியை நிறுத்தினால் எனக்குத் தூக்கம் வராது. நிறுத்தினால் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது. ஒன்பது வருடமாக ஒரே வண்டு.

சாலைப்புழு, போன முறை இரண்டு நாள் ஙொய்ங் என்று கேட்டது என்றீர்களே, அது காது கொடுத்த எச்சரிக்கை. மருத்துவர் பார்த்தது அதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் இன்னொரு முறை போய், செவித்திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள்.

மூத்தசக்கரம் | 8:40
சோதித்ததில்லை. என் பதிவை வாபஸ் வாங்கும் எண்ணமும் இல்லை.

பழையசைலன்சர் | 8:49
நுரைப் பிளக் நீளமாக இருந்தால் ஹெல்மெட் உள்ளே தள்ளும், அதுதான் வலி. கத்தரிக்கோலால் பாதியை வெட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆலைக்காரன் | 8:53
தயவுசெய்து பாதியை வெட்டாதீர்கள். வெளியே பிடிக்க நுனி இல்லாமல் உள்ளே மாட்டிக்கொண்டால் எடுப்பதற்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கட்டை பிளக் தனியாகவே கிடைக்கிறது.

பழையசைலன்சர் | 8:55
எத்தனையோ வருடமாக வெட்டுகிறேன், ஒருமுறைகூட மாட்டியதில்லை.

கணக்குப்பிள்ளை | 8:57
அட்டையில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பதை நம்பி வெட்ட வேண்டாம். அது ஆய்வகத்தில் ஒழுங்காகப் பொருத்திப் பார்த்த எண். ஓஷா முறையில் அதில் 7ஐக் கழித்துப் பாதியாக்குவார்கள்: 13. வெட்டிய பிளக்குக்கு அதுவும் கிடைக்குமோ என்னவோ.

சாலைப்புழு | 9:10
ஆலைக்காரன் சொன்னபடியே போட்டுப் பார்த்தேன். அறையில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு காதும் அருமையாக அடைத்துக்கொள்கின்றன. ஹெல்மெட் போட்டுக் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் மறுபடியும் வலி. வெறுத்துவிட்டது.

ஆலைக்காரன் | 9:16
இது நல்ல தகவல். ஒன்று செய்யுங்கள். ஹெல்மெட் இல்லாமல், இரண்டு பிளக்கும் போட்டுக்கொண்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். குடத்துக்குள் பேசுவது போல, தலை நடுவில் கேட்க வேண்டும். பிறகு ஹெல்மெட்டைப் போட்டு, தலையை இரு பக்கமும் திருப்பி, தாடையையும் அசைத்துவிட்டு மறுபடியும் முனகுங்கள். நன்றாக அடைத்திருக்கும் காதில்தான் முனகல் ஓங்கிக் கேட்கும். ஒலி வலப்பக்கம் சாய்ந்தால் இடது பிளக் இடம் மாறிவிட்டது என்று பொருள்.

சாலைப்புழு | 9:27
சாய்கிறது! ஹெல்மெட் இல்லாமல் நடுவில் கேட்கிறது. போட்டுத் தலையை இடப்பக்கம் திருப்பினால் ஒலி வலது காதுக்குப் போய்விடுகிறது.

நட்டும்போல்ட்டும் | 9:29
அப்படியானால் ஹெல்மெட்டுக்குள் இடப்பக்கம் ஏதோ பிளக்கை இடிக்கிறது. மூக்குக்கண்ணாடி போடுகிறீர்களா? உள் பஞ்சு மடிந்திருக்கிறதா? ஸ்பீக்கர் ஏதாவது?

சாலைப்புழு | 9:31
ஸ்பீக்கர் இருக்கிறது. வழி சொல்வதற்காக இண்டர்காம் மாட்டியிருக்கிறேன், இடப்பக்கம் மட்டும். அதைச் சொல்லவில்லையா?

மழைச்சட்டை | 9:31
இல்லை.

நட்டும்போல்ட்டும் | 9:32
இல்லை ஐயா. சொல்லவில்லை.

ஆறாம்கியர் | 9:33
நான் குறும்பி என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பொதுவாகச் சொன்னது சரிதான்.

நட்டும்போல்ட்டும் | 9:38
அந்த ஸ்பீக்கர் பிளக்கின் நுனிக்கு நேராக உட்கார்ந்திருக்கும். ஹெல்மெட் அழுத்தும்போது பிளக்கைக் குத்துகிறது, அதுதான் வலி. தலை திரும்பும்போது பிளக்கைச் சாய்த்து இடைவெளி உண்டாக்குகிறது, அதுதான் இரைச்சல். பஞ்சைக் கழற்றி, காதுக்கென்று விட்டிருக்கும் குழிக்குள் ஸ்பீக்கரை ஆழமாகப் பதியுங்கள். குழி போதாவிட்டால் சற்றுப் பின்னுக்கு நகர்த்துங்கள். அதற்கும் இடமில்லை என்றால் நாளைக்கு மட்டும் கழற்றிவிடுங்கள்.

தெருவிளக்கு | 9:44
மாற்றிய பிறகு கிளம்புவதற்கு முன் அரை மணி நேரமாவது போட்டுப் பாருங்கள். பிளக் போட்டாலும் ஸ்பீக்கர் கேட்கும், பயப்படாதீர்கள். காற்று அடங்கிவிடுவதால் முன்பைவிடக் குறைந்த ஒலியே போதும்.

குளிர்காற்று | 9:50
கண்ணாடி இல்லாத வண்டியிலும் கழுத்துப் பக்கம் காற்று புகும். தாடைக்குக் கீழே துணி சுற்றிக்கொண்டால் ஹெல்மெட்டின் அடி விளிம்பு அடைபடும். சும்மா சொல்லிவைக்கிறேன்.

சாலைப்புழு | 10:20
கழற்றிவிட்டேன். வலி இல்லை. தூங்கப் போகிறேன். நன்றி.

மழைச்சட்டை | மறுநாள், மாலை 5:15
போய்ச் சேர்ந்தீர்களா? காது எப்படி?

பழையசைலன்சர் | மூன்றாம் நாள், காலை 7:02
நேற்று ஒரு பிளக் உள்ளே மாட்டிக்கொண்டது. மருத்துவர் எடுத்துவிட்டார். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஆலைக்காரன் | 7:10
சொல்லவில்லை.

மூத்தசக்கரம் | 11:48
ஒரு கேள்வி. நண்பருக்காகக் கேட்கிறேன். சிறிய காதுக்கு எந்த அளவு பிளக் வாங்க வேண்டும்?

சாலைப்புழு | நான்காம் நாள், இரவு 9:33
திரும்பி வந்துவிட்டேன். ஆறு மணி நேரம் ஓட்டியும் காதில் ஙொய்ங் இல்லை. ஆனால் காற்றுச் சத்தம் அடங்கியதிலிருந்து வண்டியில் டக் டக் என்று புதிதாக ஒன்று கேட்கிறது. எப்போதும் இருந்ததுதானா, இப்போதுதான் வந்ததா என்று தெரியவில்லை. என்னவாக இருக்கும்?

மழைச்சட்டை | 9:35
என்ன வண்டி?