செய்தி வாசிப்பாளர்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டோக்கன்_42:

எண்பதுகளின் நடுவில், நான் ஆறாவது படிக்கும்போது, அப்பாவோடு ஒரு பாங்குக்குப் போயிருந்தேன். பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி சத்தம், பேரேடு புரட்டும் சத்தம். கம்பிக் கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "டோக்கன் எண் நாற்பத்திரண்டு."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் திடுக்கிட்டு எழுந்து, "என்னப்பா, நியூஸ் போட்டுட்டானா?" என்றார்.

முந்தின நாள் இரவு சென்னைத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த அதே மனிதர்தான். சட்டைப்பையில் பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி, விரலில் நோட்டு எண்ணும் ஸ்பான்ஞ்சின் ஈரம். அப்பா பணத்தை வாங்கிக்கொண்டு எண்ணிப் பார்க்கவே இல்லை. வெளியே வந்ததும் கேட்டேன். "அவர் தப்பாச் சொல்ல மாட்டார்டா" என்றார்.

அந்தக் காலத்தில் செய்தி வாசிப்பது பலருக்கு முழுநேர வேலை இல்லை. புல்லட்டினுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், சோறு வேறு இடத்திலிருந்து வரும். ஈரோடு தமிழன்பன் அப்போது புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். டி.வி. வரதராஜனுக்கு மேடை நாடகம். இப்படி நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்களேன்.

கரைபோட்ட_புடவை:

நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் அம்மா ஜவுளிக்கடையில் "ஷோபனா ரவி கட்டின மாதிரி" என்று கேட்டது நினைவிருக்கிறது. கடைக்காரரும் எந்த நாள் செய்தி என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் போனார்! எங்கள் வீட்டில் அப்போது கறுப்பு வெள்ளை டிவி. நிறத்தை எதிர் வீட்டு மாமிதான் வந்து சொல்ல வேண்டும். செய்தியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியாது.

காஷுவல்_தொண்ணூறு:

நான் கொஞ்சம் கிட்டத்திலிருந்து பார்த்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னைத் தொலைக்காட்சியின் சுவாமி சிவானந்தா சாலைக் கட்டடத்தில், செய்திப் பிரிவில் சில காலம் காஷுவலாக, அதாவது தற்காலிக ஊழியராக இருந்தேன். தாள் அடுக்குவது, டீ வாங்குவது, ஸ்டூடியோவுக்கு ஓடுவது. அங்கே வாசித்த ஓர் அம்மாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

செய்தி ஏஜென்சிகள் அனுப்புவது ஆங்கிலத்தில் வரும். மொழிபெயர்த்துப் பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதித் தருவார்கள். அம்மா பென்சிலோடு உட்காருவார். சின்ன நிறுத்தத்துக்கு ஒரு கோடு, மூச்சுக்கு இரண்டு கோடு. தொகையெல்லாம் எண்ணில் இருந்தால் அடித்துவிட்டு எழுத்தில் எழுதிக்கொள்வார். ஏழு இலக்க எண்ணைப் பார்த்ததும் சொல்ல எந்த நாக்காலும் முடியாதாம். 'கோர்பச்சேவ்' சுலபமாக வந்துவிடும், 'தாழ்வழுத்தத்தாழ்வு மண்டலம்' என்று ஒரு நாள் யாரோ எழுதி வைத்ததற்குத்தான் எழுந்து போய்ச் சண்டை போட்டார்.

தாள்களைப் பின் போட்டுச் சேர்க்கக்கூடாது. புரட்டினால் மைக்கில் சரசரவென்று கேட்கும். ஒவ்வொன்றாக ஓரமாக நகர்த்த வேண்டும். அப்புறம், மேலே சட்டை கீழே லுங்கி என்று ஒரு கதை சொல்வார்களே, அதை நான் பார்த்ததில்லை. மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சம்மணம் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஏசி அப்படிக் குளிரும்.

ஒரு நாள் மாடிப்படியில் தாளெல்லாம் என் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. அவசரமாகப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தேன். பக்க எண் கிடையாது. லைவ். ஓர் அமைச்சர் எங்கோ ஒரு பாலத்துக்குப் போன செய்தி. "...கட்டப்பட்ட புதிய பாலத்தை" என்பதோடு தாள் முடிகிறது. அடுத்த தாள் வெங்காய விலை.

தமிழில் வினை கடைசியில்தானே வரும்! பாலத்தை என்ன செய்தார்? திறந்தாரா, நாட்டுக்கு அர்ப்பணித்தாரா, இடிக்கச் சொன்னாரா? அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "புதிய பாலத்தை அமைச்சர் பார்வையிட்டார்" என்று முடித்துவிட்டு வெங்காயத்துக்குப் போனார்.

திறந்து வைத்திருந்தார். ஆனால் திறந்து வைத்தவர் பார்வையிடாமலா இருப்பார்? ஒருவராலும் குறை சொல்ல முடியவில்லை. காணாமல் போன தாள் படிக்கட்டிலேயே கிடந்தது. வெளியே வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, இனிமே நம்பர் போட்டுடு." நான் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நெல்லை_ஆன்டெனா:

எங்கள் பக்கம் கொடைக்கானல் டிவி கோபுரம் வருவதற்கு முன்னால் இலங்கையின் ரூபவாஹினி டிவிதான். இலங்கைத் தமிழில்தான் நாங்கள் டிவி செய்தி கேட்கப் பழகினோம். ஆனால் நான் சொல்ல வந்தது உள்ளூர் கேபிள் சேனல் அண்ணாச்சியைப் பற்றி. அவரே கேமரா பிடிப்பார், அவரே எழுதுவார், இரவு எட்டு மணிக்கு அவரே கோட்டுப் போட்டு உட்கார்ந்து வாசிப்பார். குடிதண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது, கொடை விழா, காணவில்லை, கண்ணீர் அஞ்சலி.

எங்கள் தாத்தா இறந்தபோது போட்டோ கொடுக்கப் போனேன். பெயர், வயசு எல்லாம் எழுதிக்கொண்டு, "பேரப்பிள்ளைகள் எத்தனை பேருடே?" என்று கேட்டார். "ஒன்பது." "பேரு எல்லாம் சொல்லு." ஒன்பது பெயரையும் வாசித்தார். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்தால் அவரை முதல் பந்தியில் உட்கார வைக்க ஒரு கூட்டமே நிற்கும். கோட்டு போடாமல் வந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது.

டோக்கன்_42:

காஷுவல் சார், அந்த அம்மா பிறகு தனியார் சேனலுக்குப் போனாரா? சன் டிவி 92இல் வந்ததும் பலர் அங்கே போனார்கள் என்று கேள்வி.

வணக்கம்_ரசிகன்:

92 இல்லை. 1993 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15. இரண்டும் நல்ல நாள் பார்த்து ஆரம்பித்தவை, மறக்காது. தனியார் சேனல் வந்த பிறகு 'வணக்கம்' என்ற சொல்லே மாறிப்போனது. நிர்மலா பெரியசாமி இழுத்துச் சொல்லும் வணக்கத்தை எங்கள் கல்லூரியில் வருகைப் பதிவுக்குச் சொல்லி நான் வெளியே நின்றிருக்கிறேன்.

காஷுவல்_தொண்ணூறு:

போனார். சில வருஷம் கழித்து நானும் போனேன், அதே நிறுவனம், ஸ்டூடியோவை இயக்கும் பேனல் பக்கம். அங்கே பிராம்ப்டர் வந்துவிட்டது, வாசிக்க வேண்டியது கேமராவுக்கு முன்னாலேயே எழுத்தாக ஓடும். தாள் தொலையாது. ஆனால் பின்னால் பச்சைத் திரை. பச்சைப் புடவை கட்டினால் புடவை இருக்கிற இடத்திலும் படம் ஓடும், கழுத்துக்கு மேல்தான் ஆள் தெரியும். நல்ல பச்சைப் பட்டு ஒன்றை இதனாலேயே தங்கைக்குக் கொடுத்துவிட்டார். அதை மட்டும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாளைச் சொல்கிறேன். 2016 டிசம்பர் 5. அப்போது அவர் தினமும் வாசிப்பதில்லை, புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெயலலிதாவுக்கு முந்தின நாள் மாலை இதயத் துடிப்பு முடக்கம். விடிய விடிய வாசித்த பிள்ளைகளுக்குக் குரல் போய்விட்டது. "நான் உட்காருகிறேன்" என்று இவர் உட்கார்ந்தார்.

மாலை ஐந்தரை இருக்கும். வேறு சேனல்களில் இறந்துவிட்டார் என்றே ஓடத் தொடங்கிவிட்டது. கட்சி அலுவலகத்தில் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கியதாகவும் தகவல். எங்கள் டெஸ்க்கில் ஒரே கூச்சல். யாரோ பிராம்ப்டரில் தட்டிவிட்டார்கள். நான் பேனலில் நிற்கிறேன், எழுத்து மேலே ஏறுகிறது: "முதலமைச்சர் ஜெயலலிதா சற்றுமுன்" என்று ஒரு வரி, "காலமானார்" அடுத்த வரி.

முதல் வரி வாயில் வந்துவிட்டது. "முதலமைச்சர் ஜெயலலிதா சற்றுமுன்..." ஒரு மூச்சு. பென்சில் கோடு இரண்டு போட்டிருந்தால் எவ்வளவு நேரமோ அவ்வளவு. "...சற்றுமுன் வரை தீவிர சிகிச்சையில் இருப்பதாகவே மருத்துவமனை தெரிவித்துள்ளது. வேறு அதிகாரபூர்வ அறிவிப்பு இல்லை."

காதில் இயர்பீஸில் கத்துகிறார்கள். அவர் அடுத்த தகவலுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மருத்துவமனை மறுப்பு வந்தது. இறக்கிய கொடியை மறுபடி ஏற்றினார்கள். நள்ளிரவுக்குப் பிறகுதான் அறிவிப்பு, இரவு 11.30க்கு உயிர் பிரிந்தது என்று. அதையும் இவர்தான் வாசித்தார். அப்போது 'காலமானார்' சொன்னார்.

காலையில் கேன்டீனில் பொங்கலைப் பிசைந்துகொண்டே, "பாலம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பொங்கல் இறங்கவில்லை.

கரைபோட்ட_புடவை:

இப்போது எப்படி இருக்கிறார்?

காஷுவல்_தொண்ணூறு:

நன்றாக இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். காஸ் தீர்ந்துவிட்டது, காபி போட வழியில்லை. ஏஜென்சிக்கு போன் போட்டார். "என் பெயரில் பதிவு செய்த சிலிண்டர் இன்னும் வந்து சேரவில்லை" என்றதும் அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. அப்புறம், "அம்மா, நீங்க நியூஸ் வாசிப்பீங்கல்ல? எங்க பாட்டி நீங்க வணக்கம் சொன்னா திருப்பிச் சொல்லும்மா" என்று அந்தப் பையன் ஆரம்பித்தான். பாட்டி உடம்பு, பாட்டி ஊர் எல்லாம் விசாரித்தார். பத்து நிமிஷம். போனை வைத்ததும் நான் கேட்டேன், "எப்போ வருதாம்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளை காலைக்குள் வந்து சேரும் என எதிர்பார்க்கப்படுகிறது."