பயணப் படத் தளம்: வீட்டுக் குழு

[காலை 7:48] அக்கா: தம்பி, பயணத்துல தினம் ஒரு பக்கமா போட்டோ போட நீ செஞ்ச சோதனைத் தளத்தை மொபைல் டேட்டாவுல திறந்தேன்டா. முதல் பக்கம் மட்டும் 34 எம்பி இறங்குது. எட்டு போட்டோவையும் கேமராவுல இருந்து வந்தபடியே ஏத்தியிருக்கே.

[காலை 7:51] தம்பி: பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற சிஎஸ்எஸ்ல அகலத்தைக் குறைச்சுத்தானே வெச்சிருக்கேன்க்கா?

[காலை 7:55] அக்கா: அதுல காட்டுற அளவுதான் குறையும். இறங்குற அளவு அப்படியே இருக்கும். மெமரி கணக்கு இன்னும் மோசம். 4032க்கு 3024 படத்தை பிரவுசர் முழுசா விரிச்சு வெச்சா பிக்சலுக்கு 4 பைட். பெருக்கிப் பாரு, ஒரு படத்துக்கே 48.8 எம்பி. எட்டுக்கு 390. கோப்பு 4 எம்பிதானேன்னு நாம நினைச்சுக்கறோம். பழைய போன்ல பக்கம் தானா ரீலோட் ஆகுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

[காலை 7:56] அக்கா: அதே படம் 960க்கு 720ஆ இருந்தா விரிஞ்ச பிறகும் 2.8 எம்பிதான்.

[காலை 8:03] மாமா: மச்சான், ஒவ்வொரு போட்டோவுக்கும் மூணு அகலம் போதும்: 480, 960, 1600. ஜேபெக் தரம் 78 வை. 85க்கு மேல போனா எடை ஏறும், போன் திரையில கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூணையும் மூலப் படத்துல இருந்தே எடு. 1600ல இருந்து 960, அதுல இருந்து 480ன்னு இறங்கினா ஒவ்வொரு தடவையும் ஜேபெக் அழுக்கு சேர்ந்துக்கிட்டே போகும், கூரை விளிம்பெல்லாம் பிசிறடிக்கும்.

[காலை 8:05] மாமா: எல்லாத்துக்கும் ஒரே எடை வரும்னு எதிர்பார்க்காதே. இலை, புல், அலை இருக்கற படம் அதே தரத்துல நல்லா கனக்கும். வெறும் வானம் லேசா வரும்.

[காலை 8:09] தம்பி: பிரவுசர் தேவையான அளவை எடுத்துக்கற மாதிரி எஸ்ஆர்சி-செட்ங்கற பட்டியல்ல மூணையும் எழுதிட்டேன் மாமா. ஆனா சின்னக் கட்டத்துக்கும் 1600தான் இறங்குது.

[காலை 8:12] மாமா: கூடவே படம் எவ்வளவு அகலத்துல வரும்னு சொல்ற சைசஸ் எழுதினியா? அதை விட்டா, படம் திரை முழுக்க வரப்போகுதுன்னு பிரவுசர் எடுத்துக்கும். கட்டம் திரையில மூணுல ஒரு பங்குன்னா 33 விடபிள்யூ, அதாவது திரை அகலத்துல 33 சதவீதம்னு கொடு. படம் இறங்கும்போது சிஎஸ்எஸ் இன்னும் வந்திருக்காது, அதனால பிரவுசருக்கு அகலத்தை நாமதான் சொல்லணும்.

[காலை 8:13] தம்பி: சைசஸ் இல்ல. போட்டுடறேன்.

[காலை 8:31] சித்தப்பா: எல்லாம் சரி. மூணாவது படமும் ஆறாவது படமும் படுத்துக் கிடக்கே, அதை யாரும் பார்க்கலையா?

[காலை 8:36] அக்கா: பார்த்தேன் சித்தப்பா. ரெண்டும் போனை நிமிர்த்திப் பிடிச்சு எடுத்தது. போன் பிக்சலைத் திருப்பறதில்ல. படுக்கையாவே சேமிச்சு, கோப்புக்குள்ளேயே இருக்கற எக்ஸிஃப்ங்கற தகவல் பகுதியில ஓரியன்டேஷன் 6ன்னு ஒரு குறிப்பு எழுதி வெச்சிடும். "காட்டும்போது வலப்பக்கமா 90 டிகிரி திருப்பு"ன்னு அர்த்தம். தம்பியோட ஸ்கிரிப்ட் சுருக்கும்போது எக்ஸிஃப் முழுக்கத் துடைச்சுப் போகுது, குறிப்பும் சேர்ந்து போயிடுச்சு.

[காலை 8:38] அக்கா: வரிசை முக்கியம்டா. முதல்ல நிமிர்த்து, அப்புறம் வலையில வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறத்துக்கு மாத்து, அப்புறம் சுருக்கு, கடைசியா எக்ஸிஃப்பைத் துடை. படம் சுருக்கற ஷார்ப் நிரல் தொகுப்பைப் பயன்படுத்தறேன்னா அதோட ரொட்டேட் கட்டளையை உள்ளே எண் எதுவும் கொடுக்காம கூப்பிடு. எக்ஸிஃப்ல இருக்கறதைப் பார்த்து அதுவே நிமிர்த்திக்கும்.

[காலை 8:40] தம்பி: நிறத்தை எதுக்குக்கா மாத்தணும்?

[காலை 8:44] அக்கா: ஐபோன் படம் டிஸ்ப்ளே பி3 நிறவெளியில இருக்கும். எந்த நிறவெளின்னு சொல்ற புரொஃபைலை மட்டும் வெட்டிட்டு எண்களை அப்படியே விட்டா, பிரவுசர் அதை எஸ்ஆர்ஜிபின்னு நினைச்சுக் காட்டும். செவப்பும் பச்சையும் வெளிறிப் போகும். பக்கத்துல மூலப் படத்தை வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும், அதனால பல பேர் கவனிக்கறதே இல்ல.

[காலை 8:52] சித்தப்பா: துடைக்கறதுக்கு முன்னால எடுத்த நேரத்தையும் இடத்தையும் தனியா எழுதி வெச்சுக்கோ. தினப் பக்கத்துக்கு அதுதான் உயிர். ஆனா இடத்தை முழுசாப் போடாதே. அட்சரேகையிலயும் தீர்க்கரேகையிலயும் புள்ளிக்குப் பின்னால ரெண்டு இலக்கம் போதும், அது சுமாரா ஒரு கிலோமீட்டர் துல்லியம். வரைபடத்துல ஊர் தெரியும், தங்கின அறை தெரியாது. அந்த இடத்தை விட்டுக் கிளம்பின பிறகுதான் பக்கம் வெளியே வரணும். வீடு பூட்டிக் கிடக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்ல.

[காலை 8:53] மாமா: ஒரு நாள் தாமதம்னு செட்டிங்லயே போட்டுடலாம் மாமா. நாமளா நினைவு வெச்சுக்கணும்னா ஒரு நாள் தவறிடும்.

[காலை 8:54] சித்தப்பா: அதுவும் சரிதான் மாப்பிள்ளை.

[காலை 9:20] சித்தப்பா: (8 போட்டோக்கள்)

[காலை 9:20] சித்தப்பா: இதுங்களையும் சோதனைக்குச் சேர்த்துக்கோடா.

[காலை 9:23] அக்கா: சித்தப்பா, இப்படி போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிடும், எக்ஸிஃப்பும் போயிடும். எடுத்த நேரமே இல்லாம வருது. பேப்பர்கிளிப் அழுத்தி டாக்குமெண்டுன்னு எடுத்து அனுப்புங்க. அப்பத்தான் மூலக் கோப்பு வரும்.

[காலை 9:34] சித்தப்பா: (8 டாக்குமெண்டுகள்)

[காலை 9:41] தம்பி: வந்துடுச்சு சித்தப்பா. ஆனா உங்க கேமரா படம் எல்லாம் போன் படத்துக்கு முன்னால போய் நிக்குது. மதியம் எடுத்தது காலையில எடுத்ததுக்கு முன்னால வருது.

[காலை 9:50] சித்தப்பா: கேமராவுக்கு நேரமண்டலம் மாறினது தெரியாது. போன் தானா மாத்திக்கும். எக்ஸிஃப்ல எடுத்த நேரம் வெறும் கடிகார எண்ணாத்தான் இருக்கும். எந்த மண்டலம்னு எழுதத் தனி இடம் 2016ல வந்த 2.31 பதிப்புலதான் சேர்ந்துச்சு, பழைய கேமரா அதை எழுதாது.

இதுக்கு நல்ல வழி ஒண்ணு இருக்கு. பயணத்தோட முதல் நாள், நொடி தெரியற மாதிரி போன் கடிகாரத்தைத் திறந்து வெச்சு அதை கேமராவுல ஒரு படம் எடு. படத்துக்குள்ள தெரியறது 07:42:10, எக்ஸிஃப்ல இருக்கறது 04:11:55. வித்தியாசம் 3 மணி 30 நிமிடம் 15 நொடி. எக்ஸிஃப்பைத் திருத்தற எக்ஸிஃப்டூல் நிரல்ல அந்த கேமரா ஃபோல்டர் முழுக்க இதைக் கூட்டு. நொடிக் கணக்கோட போன் படமும் கேமரா படமும் வரிசையில உட்காரும். மண்டலம் தாண்டும்போதெல்லாம் புதுசா ஒரு கடிகாரப் படம் எடு.

[காலை 9:52] தம்பி: மூலக் கோப்புலயே கூட்டிடலாமா சித்தப்பா?

[காலை 9:53] சித்தப்பா: கூடாது. மூலத்தைத் தொடவே கூடாது. பிரதி எடுத்து அதுல செய்.

[காலை 10:15] மாமா: பெயர் விஷயம். ஐஎம்ஜி அப்புறம் நாலு இலக்கம்னு கேமரா வைக்கற பெயரை அப்படியே விடாதே மச்சான். 9999க்கு அப்புறம் திரும்ப 0001 வரும். ரெண்டு கேமரா இருந்தா முதல் நாளே மோதும், ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடும். 2025-03-14-074210 மாதிரி தேதி, நேரம், கடைசியில கோப்போட ஹாஷ்ல (உள்ளடக்கத்துல இருந்து கணக்கிடற, கைரேகை மாதிரி குறியீடு) இருந்து ஆறு எழுத்து. ஒரே நொடியில தொடர்ச்சியா எடுத்தாலும் மோதாது.

[காலை 10:17] தம்பி: தமிழ்லயே பெயர் வைக்கலாம்னு பார்த்தேன் மாமா. பக்கத்து முகவரியும் தமிழ்ல.

[காலை 10:24] மாமா: தலைப்பும் படக்குறிப்பும் தமிழ்ல இருக்கட்டும், கட்டாயம் இருக்கணும். முகவரியில வேண்டாம். "பயணம்"னு ஒரு சொல்லை எடுத்துக்கோ. ப, ய, ண, ம, புள்ளின்னு அஞ்சு குறியீடு. ஒவ்வொண்ணும் எழுத்தை பைட்டா மாத்தற யுடிஎஃப்-8 முறையில 3 பைட், லிங்க்கை நகலெடுத்து ஒட்டும்போது பைட்டுக்கு 3 எழுத்தா விரியும். அஞ்சு குறியீட்டுச் சொல் 45 எழுத்தா நிக்கும். பார்க்கறவங்க ஏதோ வைரஸ் லிங்க்னு நினைப்பாங்க.

[காலை 10:29] அக்கா: கோப்புப் பெயர்ல இன்னொரு சிக்கல் இருக்கு. "கொ", "கோ" எழுத ரெண்டு வழி. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடா எழுதலாம், தனித்தனி ரெண்டு குறியீடாவும் எழுதலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், பைட் வேற. மேக்கோட பழைய கோப்பு முறை ரெண்டா உடைச்சுத்தான் சேமிக்கும். அங்கிருந்து சர்வருக்கு ஏத்தினா "கோபுரம்"னு பெயர் வெச்ச படம் கிடைக்காது, 404 வரும். "படகு"ன்னு பெயர் வெச்சது சரியா வரும். எதனாலன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள ஒரு நாள் போயிடும்.

[காலை 10:30] தம்பி: சரிக்கா, தேதியே வெச்சுக்கறேன். முகவரி /2025/03/14/, அவ்வளவுதான். முந்தின நாள், அடுத்த நாள் லிங்க் கீழே.

[காலை 10:31] அக்கா: மேலேயும் வை. தினம் வர்றவங்க படத்தையெல்லாம் தாண்டி அடிக்குப் போகணும்னு இருக்கக்கூடாது.

[காலை 11:02] தம்பி: 30 படம் சேர்த்து ஏத்தினா 20தான் வருது. பிழைச் செய்தியே இல்ல. கோப்பு சைஸ் வரம்பை 64 எம்பிக்கு ஏத்திட்டேனே?

[காலை 11:08] மாமா: சர்வர்ல ஓடற பிஎச்பியில அப்லோடுக்குத் தொட வேண்டிய எண் மூணு. ஒரு கோப்புக்கு 2 எம்பி, ஒரு தடவை அனுப்பற மொத்தத்துக்கு (போஸ்ட்) 8 எம்பி, ஒரு தடவைக்கு 20 கோப்பு. இது மூணும் அது வரும்போதே இருக்கற அளவு. நீ முதல்தையும் ரெண்டாவதையும் மாத்தியிருப்பே. மூணாவது 21ஆவது கோப்புல இருந்து தள்ளிவிட்டுடும். ரெண்டாவதைத் தாண்டினா இன்னும் குழப்பம், ஃபார்ம்ல எதுவுமே வராத மாதிரி காலியா வந்து நிக்கும். முன்னால என்ஜின்எக்ஸ்ங்கற வலை சர்வர் இருந்தா அதுக்குத் தனியா 1 எம்பி வரம்பு, அது 413, அதாவது அளவு அதிகம்னு சொல்லித் திருப்பி அனுப்பும்.

[காலை 11:11] மாமா: ஆனா எண்ணை ஏத்தறது சரியான தீர்வு இல்ல. பயணத்துல சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும். 30 படத்தை ஒரே கோரிக்கையில அனுப்பினா 29ஆவதுல அறுந்தாலும் எல்லாம் போச்சு. ஜாவாஸ்கிரிப்ட்ல வரிசை போட்டு, ஒரு கோரிக்கைக்கு ஒரு படம். தோத்தா 5 நொடி, 15 நொடி, 45 நொடின்னு இடைவெளி விட்டுத் திரும்ப முயற்சி. சர்வர்ல அதே ஹாஷ் ஏற்கெனவே இருந்தா "வந்தாச்சு"ன்னு பதில் சொல்லட்டும், ரெட்டிப்பா சேராது.

[காலை 11:13] அக்கா: அப்லோட் ஓடும்போது திரையை அணைச்சா, வேற ஆப்புக்குப் போனா, போன் பிரவுசரை நிறுத்தி வெச்சிடும். பக்கத்துலயே "திரையைத் திறந்து வைக்கவும்"னு எழுதிடு. 30ல 17 முடிஞ்சதுன்னு எண் காட்டு.

[காலை 11:40] தம்பி: ரெண்டு படம் செயலாக்கத்துலயே விழுது. கோப்பு வகை ஹெச்இஐசி.

[காலை 11:44] அக்கா: ஐபோன் 2017ல ஐஓஎஸ் 11ல இருந்து அப்படித்தான் சேமிக்குது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ்ல அது திறக்காது. ஷார்ப்போட ரெடிமேட் தொகுப்புலயும் அதைத் திறக்கற வசதி இல்ல. தனியா லிப்ஹெய்ஃப்ங்கற நிரல் தொகுப்பைப் போட்டு ஜேபெக்கா மாத்தணும். இல்லன்னா போன்லயே செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ், மோஸ்ட் கம்பாட்டிபிள். பயணத்துக்கு ரெண்டாவதுதான் நல்லது. போன்ல இடம் கூடப் பிடிக்கும், ஆனா வழியில உடைய ஒரு பொருள் குறையும்.

[பிற்பகல் 1:25] மாமா: வரிசை அடுக்கறது. இப்ப எல்லாத்தையும் சதுரமா வெட்டியிருக்கே. நெட்டையா எடுத்த படத்துல ஆள் தலை போகுது. வெட்டாம அடுக்கு. ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தை உயரத்தால வகுத்த விகிதம் கையில இருக்கட்டும். வரிசையோட அகலத்துல இடைவெளியைக் கழிச்சு, விகிதங்களோட கூட்டால வகு. வர்றதுதான் வரிசை உயரம். 1200 அகலம், நடுவுல 8 பிக்சல் ரெண்டு இடைவெளி, மீதி 1184. படங்கள் 1.5, 0.75, 1.33. கூட்டினா 3.58. உயரம் சுமார் 330.7. படத்தோட அகலம் 496, 248, 440. மூணும் ஒரே உயரத்துல, ஒரு ஓரமும் வெட்டுப்படாம உட்காரும்.

[பிற்பகல் 1:28] தம்பி: கடைசி வரிசையில ஒரே ஒரு படம் மிஞ்சினா ராட்சசனா விரியுதே மாமா?

[பிற்பகல் 1:29] மாமா: உயரத்துக்கு உச்சவரம்பு 400ன்னு வை. அதைத் தாண்டினா இடப்பக்கமா ஒட்டி நிக்கட்டும், நிரப்ப வேண்டாம்.

[பிற்பகல் 1:34] அக்கா: ஒவ்வொரு படக் குறியிலயும் அகலம், உயரம் எழுதிடு. எழுதலைன்னா படம் இறங்க இறங்க பக்கம் குதிக்கும், படிச்சுக்கிட்டு இருக்கற வரி கீழே ஓடும். திரைக்குப் பக்கத்துல வந்தப்புறம் படத்தை இறக்கற லேசி லோடிங்கை ரெண்டாவது வரிசையில இருந்து போடு. முதல் படத்துக்குப் போட்டா, பிரவுசர் அடுக்கு வேலையெல்லாம் முடிச்ச பிறகுதான் அதைக் கேட்கும். சீக்கிரம் தெரிய வேண்டிய படமே கடைசியா வரும்.

[பிற்பகல் 2:10] தம்பி: இங்கே லிங்க் போட்டா முன்னோட்டப் படம் வரலையே?

[பிற்பகல் 2:13] அக்கா: முன்னோட்டப் படம் எதுன்னு சொல்ற ஓஜி இமேஜ்ல படத்தோட முகவரியை எச்டிடிபிஎஸ்ல ஆரம்பிச்சு முழுசா கொடு. சாய்வுக்கோட்டுல ஆரம்பிக்கற அரை முகவரி வேண்டாம். அதை ஜாவாஸ்கிரிப்ட் வெச்சு எழுதாதே, முன்னோட்டம் எடுக்கற நிரல் ஸ்கிரிப்டை ஓட்டாது. சர்வர் கொடுக்கற பக்கத்துலயே இருக்கணும்.

[பிற்பகல் 2:40] மாமா: எங்க வைக்கப் போறே மச்சான்?

[பிற்பகல் 2:42] தம்பி: இலவசமா தளம் வைக்கற கிட்ஹப் பேஜஸ்னு யோசனை.

[பிற்பகல் 2:49] மாமா: பக்கங்களுக்குச் சரி, படத்துக்குச் சரிவராது. தளத்துக்கு அங்கே 1 ஜிபிதான். மூணு சைஸும் சேர்ந்து ஒரு போட்டோவுக்கு சுமாரா அரை எம்பின்னு வை. தினம் எட்டுன்னா வருஷத்துக்கு 2920 போட்டோ, கிட்டத்தட்ட 1.5 ஜிபி. அங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கற கிட்ல ஒரு படத்தை மாத்தினா பழையதும் வரலாற்றுல தங்கிடும், அழிச்சாலும் எடை குறையாது. படத்தைத் தனி சேமிப்பகத்துல வை. பெயர்ல ஹாஷ் இருக்கறதால பிரவுசர் படத்தைச் சேமிச்சு வெச்சுக்கற கேஷ் காலத்தை 31536000 நொடி, அதாவது ஒரு வருஷம்னு தைரியமாக் கொடுக்கலாம். படம் மாறினா பெயரே மாறும், பழசு யாருக்கும் தெரியாது.

[பிற்பகல் 2:51] சித்தப்பா: மூலப் படம் இந்தத் தளத்துல இருக்கவே வேண்டாம். ரெண்டு ஹார்டு டிஸ்க், அதுல ஒண்ணு வேற வீட்டுல. கார்டை அழிக்கறதுக்கு முன்னால ரெண்டுலயும் படம் திறக்குதான்னு திறந்தே பாரு. எண்ணிக்கை சரியா இருக்கறது மட்டும் போதாது.

[மாலை 5:30] தம்பி: எல்லாம் மாத்தி ஏத்திட்டேன். முதல் பக்கம் 1.1 எம்பி. பாருங்க.

[மாலை 5:37] சித்தப்பா: நிமிர்ந்து நிக்குது, நிறமும் நல்லா இருக்கு. ஆனா 14ஆம் தேதி விடியக்காலை 5:10க்கு எடுத்த சூரியோதயம் 13ஆம் தேதிப் பக்கத்துல கிடக்கு.

[மாலை 5:41] அக்கா: சர்வர்ல நேரத்தை யுடிசிங்கற உலகப் பொது நேரத்துக்கு மாத்தி அதுல இருந்து தேதி எடுக்கறேடா. கிழக்கே இருக்கற ஊர்ல விடியக்காலைப் படம் எல்லாம் முந்தின நாளுக்குப் போயிடும், மேற்கே போனா ராத்திரிப் படம் அடுத்த நாளுக்குத் தாவும். தேதியைக் கணக்கே போடாதே. எக்ஸிஃப்ல 2025:03:14 05:10:22ன்னு எழுத்தாவே இருக்கு. முதல் பத்து எழுத்தை வெட்டி எடு, முக்காற்புள்ளியைக் கோடா மாத்து. எடுத்தவங்களுக்கு அன்னிக்கு எந்த நாளோ அதுதான் அந்தப் படத்தோட நாள்.

[மாலை 5:58] தம்பி: மாத்திட்டேன்க்கா. 14ல முதல் படமா வருது.

[மாலை 6:01] சித்தப்பா: வருது.