சித்தார்த்தி வருஷம்: 1859-ஆ, 1919-ஆ?

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயாக்கள் வீடு. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் கட்டியது என்பார் அப்பத்தா. நிலைவாசலில் ‘சித்தார்த்தி வருஷம்’ என்று மட்டும் செதுக்கியிருக்கிறது. அது 1859-லும் வரும், 1919-லும் வரும். வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல், பதித்திருக்கிறது. அது பிற்காலத்தில் வந்தது என்பதால் வீடும் பிந்தியதுதான் என்பது என் கணக்கு. தளம் அப்புறம் போட்டதாகவும் இருக்கலாமே!

அதைவிட அவசரம் சுவர். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. கன்னத்தை வைத்தால் சித்திரையிலும் சில்லென்றிருக்கும். போன மழையில் ஓட்டு வழியே நீர் இறங்கி, இரண்டாங்கட்டில் (வளவுக்கு அடுத்த பகுதியில்) ஆள் உயரத்துக்கு உப்பிவிட்டது. ஒரு மேஸ்திரி சிமெண்ட் பூசினார். ஈரம் உள்ளேயே தங்கி, மூன்றே மாதத்தில் பக்கத்துப் பூச்சும் உதிர்கிறது.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நிலையின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். எழுத்தைப் பார்த்துக் காலம் சொல்லத் தெரிந்தவர்களும் பாருங்கள்.