பனருக்கு அவசரம்: ஸ்ரெம் செல், குரோத் பக்ரர் தமிழில எப்பிடி?

உடுவில் ரீச்சர், செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம். வாற கிழமை எங்கட பள்ளிக்கூடத்தில விஞ்ஞான தினம். ஏஎல் பயோ பிள்ளையள் நரம்பை வளர்க்கிற சாமானைக் கண்டுபிடிச்ச இத்தாலி விஞ்ஞானி ரீட்டா லெவி மொந்தால்சினியைப் பற்றி ஒரு பனர் செய்யினம். படமெல்லாம் ரெடி, பிறின்ற் பண்ணுற தம்பி வெள்ளி பின்னேரம் 4 மணிக்குள்ள ஃபைல் வேணும் எண்டிட்டான். ரண்டு சொல்லில நிக்கிறன், நியூரல் ஸ்ரெம் செல் (புது நரம்புக்கலங்களைத் தாற கலம்), நேர்வ் குரோத் பக்ரர் (நரம்பை வளர்க்கிற சாமான்).

போன வருசம் ஸ்ரெம் செல்லுக்குத் தண்டுக்கலம் எண்டு எழுதிக் குடுக்க, கடையில ஆரோ தண்டக்கலம் எண்டு அடிச்சு, அதிபர் நாடா வெட்டின பிறகுதான் கண்டம். வகுப்பில நித்திரை கொள்ளுறவனுக்கு இண்டைக்கும் அதுதான் பட்டப்பேர். மற்றது வளர்ச்சிக் காரணி. பிள்ளையளுக்குக் காரணி எண்டா 12ஐ மீதியில்லாமப் பிரிக்கிற எண். ஒருத்தி எழும்பி நேரவே கேட்டாள், ரீச்சர் நரம்பு வளர்ச்சியை எதால பிரிக்கிறது எண்டு. சிரிக்கிறதோ அழுறதோ. ஆராவது உதவுங்கோ.

மானிப்பாயார், செவ்வாய் இரவு

இதுக்கேன் பிள்ளை மண்டையை உடைக்கிறாய், ஸ்ரெம் செல் எண்டே தமிழ் எழுத்தில போடு. எங்கட ஊரில பத்தொன்பதாம் நூற்றாண்டிலயே தமிழில டொக்டர் படிப்பு நடந்தது. அதை நடத்தின அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அனற்றமிக்கு அங்காதிபாதம் எண்டு சமஸ்கிருதத்தில போனார், கெமிஸ்ரி வந்தவுடன கெமிஸ்தம் எண்டு வாலை ஒட்டிவிட்டுட்டுப் போட்டார். படிச்ச பெடியள் வைத்தியம் பாத்தாங்கள், ஒரு நோயாளியும் சொல் பிழையெண்டு செத்ததாத் தெரியேல்லை.

கோண்டாவிலான், புதன் காலமை

அண்ணை, கெமிஸ்தம் இண்டைக்கு எங்க? இரசாயனவியல் எல்லோ நிண்டது. ஒட்டுவால் விழுந்துபோம்.

ரீச்சர், முதல்ல நரம்பு எண்ட சொல்லை வடிவாப் பாப்பம். பழைய தமிழில நரம்பு எண்டா யாழின்ர தந்தி. கிரேக்கத்தில நியூரோன் எண்டதும் நாண், தசைநார் எண்ட கருத்தில பிறந்த சொல்தான். ரண்டு மொழியும் ஒரே இடத்துக்குப் போயிருக்கு. நார் எண்டதில இருந்து நரம்பு வந்தது எண்டுதான் கனபேர் சொல்லுவினம், நான் நரலுதல் எண்டதையும் பாக்கிறனான், நரலுதல் எண்டா ஒலித்தல், தந்தி ஒலிக்குந்தானே, யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு யாழ் நரம்பை மறந்தா எப்பிடி? ஆகவே நேர்வ் குரோத் பக்ரருக்கு நரம்பார்த்தி எண்டு போடலாம். ஆர்தல் நிறைதல், ஆர்த்துதல் நிறைவித்தல், உண்பித்தல்.

உடுவில் ரீச்சர், புதன் காலமை

மாஸ்ரர், நரம்பார்த்தி எண்டு பனரில போட்டா சினிமா நடிகை எண்டு நினைப்பாங்கள்.

மதுரைக்காரர், புதன் மதியம்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். கலம்னா எங்க பக்கம் கப்பல், இல்லன்னா பாத்திரம். நாங்க செல்லுன்னுதான் எழுதறோம், கொஞ்சம் தமிழ்ப்பற்று இருந்தா உயிரணு. திசுவ நீங்க இழையம்ங்கறீங்க. ரெண்டு பக்கமும் ஒரே சொல் வச்சா என்னங்க?

மானிப்பாயார், புதன் மதியம்

ரோர்ச்சுக்கு மின்கலம் போடுறியளே தம்பி, அதில ஏறி எந்தத் துறைமுகத்துக்குப் போறியள்?

கரவெட்டியாள், புதன் இரவு

நான் இப்ப கனடாவில லாப்பில வேலை செய்யிறன், இது எங்கட புழக்கத்துச் சாமான் எண்டபடியால் சொல்லுறன். சொல்லை வைக்க முதல் அந்த மனுசி என்ன கண்டுபிடிச்சவ எண்டு பாக்கவேணும். 1938இல முசோலினியின்ர இனச்சட்டத்தால யூதர் எண்டு வேலையில இருந்து நிப்பாட்டிப்போட்டாங்கள். அவ தன்ர படுக்கையறையில லாப் போட்டு, தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கி, கோழி முட்டைக்குள்ள இருக்கிற முளையத்தில வேலை செய்தவ. ஜாம் போத்தல் விளக்கில ஏஎல் படிச்ச ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

முளையத்தில கால் வளருற இடத்தை வெட்டினா அந்தப் பக்கத்து நரம்புக்கலங்கள் குறையுது. அமெரிக்காவில இருந்த விஞ்ஞானி விக்ரர் ஹம்பேர்கர் அதுக்குச் சொன்ன காரணம், கலங்களை உருவாக்கிற தூண்டல் இல்லாமப் போச்சு எண்டது. இவ சொன்னா, கலங்கள் ஒழுங்காத்தான் உருவாகுது, ஆனா போய்ச்சேருற இடத்தில இருந்து வரவேண்டிய ஏதோ ஒண்டு கிடையாமச் சாகுது. அவர் அதை வாசிச்சுப்போட்டு 1947இல செயின்ற் லூயிசுக்குக் கூப்பிட்டார். எலியின்ர புற்றுக்கட்டி நரம்பை வளரப்பண்ணுதோ எண்டு பாக்க, 1952இல புற்றுக்கட்டி உள்ள ரண்டு எலியைக் கைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு றியோ டி ஜெனீரோவுக்குப் பிளேனில போனவ. அங்க அந்தக் கட்டித் துண்டுக்குக் கிட்ட நரம்புத் திரட்டை வளர்த்தா, ஒரு நாளுக்குள்ள சூரியனைச் சுத்திக் கதிர் மாதிரி நார் வெளிக்கிட்டுது. பிறகு உயிரிரசாயன விஞ்ஞானி ஸ்ரான்லி கோஹன் சேர்ந்து, நார் வரப்பண்ணுற அந்தச் சாமான் நியூக்கிளிக் அமிலமோ எண்டு பாக்க, அதைச் சிதைக்கிற நொதிக்காகப் பாம்பு விசத்தைப் போட்டார். விளைவு குறையுமெண்டு பாத்தா கனமடங்கு கூடிப்போச்சு, விசத்துக்குள்ளயே சாமான் இருந்திருக்கு. அதிலயிருந்து எலியின்ர உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போயிச்சினம். 1986இல ரண்டு பேருக்கும் நோபல்.

என்ர ஆக்கினை என்னெண்டா, வளர்ச்சி எண்ட சொல் பாதிதான் சொல்லுது. அந்தச் சாமான் இல்லாட்டி நரம்பு வளராம நிக்கிறேல்லை, செத்துப்போகுது. அதால நரம்பூட்டி எண்டா நல்லம் எண்டு நினைக்கிறன். இந்த வகைச் சாமானுக்குப் பொதுப்பேரான நியூரோற்றோபின் எண்டதுக்குள்ளயும் ஊட்டுறதுதான் இருக்கு.

மதுரைக்காரர், வியாழன் காலை

ஊட்டின்னா நாங்க குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்குவோம்ங்க.

கோண்டாவிலான், வியாழன் காலமை

ஊட்டி எனக்குச் சம்மதம். ஊக்கி மட்டும் வேண்டாம், அது இரசாயனவியலில கற்றலிஸ்ற், பிள்ளையள் திருப்பிக் குழம்புவினம். ஆனா ஸ்ரெம் செல்லுக்குத் தண்டு எண்டு போட்டவன் ஆர் எண்டு எனக்குத் தெரியவேணும். 1868இல ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் ஜெர்மனில இந்தச் சொல்லைப் போடேக்கை நினைச்சது வாழைத்தண்டை இல்லை. அவங்கட வம்சவரலாற்று மரம் ஒண்டு இருக்கு, அந்த அடிமரத்தை நினைச்சுத்தான் போட்டவர். எங்களிட்ட அதுக்குச் சொல் இருக்கு, கொடிவழி. ஆகவே கொடிவழிக்கலம். இல்லாட்டி கால்வழிக்கலம்.

உடுவில் ரீச்சர், வியாழன் பின்னேரம்

மாஸ்ரர் கோவிக்காதேங்கோ, பனர் மூண்டடி அகலந்தான். நரம்புக் கொடிவழிக்கலம் எண்டு போட்டா ரீட்டா அம்மாவின்ர முகத்துக்கு இடமில்லை.

மற்றது, ரண்டு சொல்லையும் ஏன் ஒரே பனரில போடுறம் எண்டு ஒருத்தர் தனியாக் கேட்டவர். கோஹன் அதே உமிழ்நீர்ச் சுரப்பியில இன்னொண்டும் கண்டவர், ஏத்தின எலிக்குட்டியளுக்குக் கண் நேரத்தோட திறந்துது. மேற்றோல் வளர்ச்சிக் காரணி. அதைச் சேர்த்துத்தான் 1992இல கனடாவில றெய்னோல்ட்சும் வைசும் வளர்ந்த எலியின்ர மூளைக்கலங்களைப் பெருக்கி, அதிலயிருந்து புது நரம்புக்கலம் வரும் எண்டு காட்டிச்சினம், அதுதான் நியூரல் ஸ்ரெம் செல். வளர்ந்த மூளையில புதுசா நரம்புக்கலம் பிறக்காது எண்ட நம்பிக்கை அதோட ஆடிப்போச்சு. இதைப் பிள்ளையளே தேடி எடுத்ததுகள்.

கரவெட்டியாள், வியாழன் இரவு

ஸ்ரெம் செல்லுக்கு என்ர வாக்கு குருத்துக்கலம். தமிழ்நாட்டிலயும் குருத்தணு எண்டு எழுதுகினம், பாதி ஒற்றுமையாவது வரும்.

எங்கட வளவில வேலிக்கரையில ரண்டு பனை ஷெல் பட்டுத் தலையில்லாம நிண்டது. தண்டு நல்ல திறமா இருந்தது, அப்பா கொடிக்கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டவர். நான் சின்னப்பிள்ளை, ஒவ்வொரு மாரிக்கும் அண்ணாந்து பாப்பன் ஓலை வருதோ எண்டு. அப்பம்மா சொன்னா, குருத்துப் போனது பிள்ளை, இனி எங்கயால வாறது? ஓலை, பாளை எல்லாம் அந்த ஒரு இடத்தில இருந்துதான், தானும் குருத்தா இருந்துகொண்டே மற்றதுகளை வெளியில விடுறது. ஸ்ரெம் செல்லும் அதைத்தான் செய்யுது, தன்னையும் பெருக்கிக்கொண்டு வேற கலங்களையும் தருது. தண்டு எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.

மானிப்பாயார், வியாழன் இரவு

சரி பிள்ளை, குருத்து. கெமிஸ்தத்தைக் கைவிடுறன்.

கோண்டாவிலான், வெள்ளி காலமை

பனை மரமில்லை. புறக்காழனவே புல்லென மொழிப எண்டு தொல்காப்பியர் மரபியலில வைச்சிட்டார், வெளிவயிரம் பாஞ்சது புல். புல்லின்ர குருத்தைக் கொண்டுவந்து மனுசன்ர மூளைக்குள்ள நடுறியள். ஹெக்கல் சொன்னது மரம். எதிர்ப்பைப் பதிஞ்சு வையுங்கோ.

மதுரைக்காரர், வெள்ளி காலை

குருத்துக்கு நானும் ஓட்டு. கலம் உங்க பாடு.

உடுவில் ரீச்சர், வெள்ளி பின்னேரம்

தம்பி ரண்டுதரம் கோல் எடுத்திட்டான், அனுப்பியாச்சு. நரம்புக் குருத்துக்கலம். மற்றது நரம்பு வளர்ச்சிக் காரணி எண்டே விட்டன், பரீட்சைப் பேப்பரில அப்பிடித்தான் வரப்போகுது, நரம்பூட்டி எண்டு எழுதி ஒரு பிள்ளைக்குப் புள்ளி போனா ஆர் பொறுப்பு? கீழ சின்ன எழுத்தில "நரம்பைச் சாகவிடாமக் காக்கிறதும் இதுதான்" எண்டு ஒரு வரி போட்டிருக்கிறன், கரவெட்டியாளுக்காக. புறூஃப் வந்தது, குருத்துக்களம் எண்டு அடிச்சிருந்தான், திருத்தி விட்டிட்டன்.

கோண்டாவிலான், வெள்ளி இரவு

குருத்துக்களமும் பிழையில்லை ரீச்சர். களம் எண்டா நெல் அடிக்கிற இடம் மட்டுமில்லை, நாளைக்கு விரிவா எழுதுறன்.